கோடிச் சேலைக்குப் போட்ட சாயம்

கோடிச் சேலையை உடுத்தக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. அதை உடுத்திக்கொண்டு எங்கே போவது என்பதுதான் தெரியாது. புருஷன் செத்த பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புதுச் சேலை கொண்டுவந்து, உட்கார்ந்திருக்கிறவள் தோளில் போர்த்துவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர் கோடி. என் மகன் செத்தபோது மருமகள் தோளில் விழுந்த சேலைகளில் அவள் கழுத்தே தெரியவில்லை. எல்லாம் மங்கின நிறம். சாம்பல், நீர்மோர், வெளுத்த நீலம், சந்தனம் என்று சொல்லி விற்கிற ஏதோ ஒன்று. கல்யாணத்துக்குக்கூட அவளுக்கு அவ்வளவு சேலை வரவில்லை.

மகன் கொழும்பில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்து போனான். அதை எழுத உட்கார்ந்தால் எனக்கு வேறொன்றும் எழுத வராது. எழுத்தே எனக்குக் கூட்டிக்கூட்டித்தான் வரும். ஆகவே சேலைக்கே வருகிறேன்.

அந்தச் சேலைகளில் ஒன்று மட்டும் நல்ல சேலை. நாத்தனார் போட்டது. என் வீட்டுக்காரரின் தங்கை அவள். புசல்லாவைக்குக் கீழே, ரோட்டோரம் கல்வீடு. சொந்த லொறி ஓடுகிறது. எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாத மனுஷி. ஒப்பாரிக்கு நடுவிலேயே என் காதுக்குள் குனிந்து, "கண்டியில எடுத்தது மதினி, கம்பளையில இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். சந்தன நிறப் பருத்திச் சேலை. கரை மட்டும் செம்பு நிறம். இரண்டு இரண்டு மாங்காய் ஒன்றையொன்று முகம் பார்த்தபடி, நடுவில் ஒரு புள்ளி, சேலை முடியும் மட்டும் அப்படியே போகும். அந்தத் துக்கத்திலும் நான் கரையைத் தடவிப் பார்த்தேன். துணியைத் தொட்டால் எனக்குத் தெரியும்.

பூச்சி உருண்டை போட்டு எல்லாவற்றையும் றங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தப் பெட்டி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஒற்றை அறை லயக் காம்பிராவின் மூலையில் கிடந்தது. பேத்தி அதன்மேல் ஏறி உட்கார்ந்து சோறு தின்பாள்.

சாமான் விலையெல்லாம் மலையேறின பிறகு மருமகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பேச்சை எடுத்தாள். கம்பளையில் ஒரு ஏஜென்சிக்காரர் இருந்தார். பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்துவிட்டு வந்து, எனக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எனக்கு அது தெரியும். பிள்ளை அப்போது பாலர் பாடசாலைக்குக்கூடப் போகவில்லை. என் வயதில் நான் எத்தனை நாள் இருப்பேன், அந்தக் குழந்தையை யார் பார்ப்பது? நான் சண்டை போடவில்லை. கண்டி டவுனில் ஒரு பெரிய சேலைக் கடையில் தமிழ்ப் பெண் தேவை என்று லயத்தில் ஒருத்தி சொன்னதை மட்டும் சொன்னேன். போய்க் கேட்டுவிட்டு வந்தாள். முதலாளிக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு சட்டம் வைத்தார். கடையில் நிற்கிற பெண்கள் தினமும் சேலைதான் உடுத்த வேண்டும். மங்கினது, கிழிந்தது ஆகாது. ஒரு வாரத்தில் ஒரே சேலையை இரண்டு தடவை உடுத்தக் கூடாது. வாங்க வருகிற ஜனம் முதலில் பார்ப்பது விற்கிறவளின் உடம்பைத்தான் என்றாராம்.

அன்று ராத்திரிச் சோற்றைப் பிசைந்தபடியே அவள் சொன்னாள். "நின்னு வேல பாக்க எனக்குச் சேல இல்ல அத்த. அங்க போனா உடுப்பு அவங்களே குடுக்குறாங்க."

"அஞ்சாறு சேல இருந்தா?"

"இருந்தா நான் ஏன் போறேன்?"

அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையில் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிக்கொண்டு எல்லாரையும் போலத்தான் நின்றேன். ஆனால் டவுனுக்குப் போகும்போது கசங்கின சேலையோடு என்னைப் பார்த்தவர்கள் கிடையாது. தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை செய்தவர்கள் துரைசானியின் பழைய துணியை வாங்கி உடுத்திக்கொண்டு திருவிழாவுக்கு வருவார்கள். எனக்கும் கொடுத்தார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இருக்கிறதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்தவளுக்குப் பிறத்தியார் துணி எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்து, வீட்டில் இருந்த துணி அத்தனையையும் கொட்டினேன். அவளிடம் நிறமாக இருந்தது கல்யாணக் கூறைச் சேலையும் இன்னொரு நீலச் சேலையும்தான். நீலத்தில் அடுப்புப் பொறி பட்டு, தொடைக்கு நேராக ஓட்டை. ஓட்டையைத் தைத்தால் தையல் தெரியும். அதனால் அந்த இடத்தை ஒரு சாணுக்கு வெட்டி எடுத்துவிட்டு வெட்டின இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தேன். சேர்ந்த இடம் கொசுவ மடிப்புக்குள் மறைந்துவிடும். கொசுவத்தில் ஒரு மடிப்புக் குறையும், அவ்வளவுதான். என்னுடைய பழைய பச்சைச் சேலை ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு நான் அதைத் தொடவில்லை. செருப்பில் மிதிபட்டு அடிக்கரை நைந்திருந்தது. அதைத் தலைகீழாக உடுத்தினால் நைந்த கரை இடுப்பில் செருகப்பட்டுவிடும், நல்ல கரை கீழே வரும். பூ ஒரு பக்கமாகப் பார்க்கிற சேலை என்றால் முடியாது. பச்சையில் பூ இல்லை, கோடுதான்.

ஜாக்கெட்டுக்கு ஒரு யோசனை சொன்னேன். சேலைக்கொரு ஜாக்கெட் தைத்தால் நாம் தாங்க மாட்டோம். கறுப்பு, அரக்கு, சந்தனம் இந்த மூன்றும் இருந்தால் எந்தச் சேலைக்கும் பொருந்தும். கண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து நடைபாதையில் கார்மென்ட் வெட்டுத்துண்டுகளை நிறுத்து விற்பார்கள். குனிந்து குனிந்து கிளறி அவளே எடுத்து வந்தாள். கையாலேயே தைத்தேன். அக்குளில் துணியை உள்ளே விட்டுத் தைத்தேன், உடம்பு பருத்தால் பிரித்துவிடலாம் என்று.

அப்படியும் வாரத்துக்குப் போதவில்லை. பெட்டியைத் திறந்தேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது கோடி அத்த" என்றாள்.

"சாயம் போட்டா அது யாரு வீட்டுச் சேலையின்னு யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் எழுந்துபோய்ப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

லயத்துக்குப் பின்னால் கல்லைக் கூட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். காய்ந்த சேலையைச் சாயத்தில் போட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் போட வேண்டும். கல்லுப்பு தாராளமாகப் போட வேண்டும். கம்பை எடுக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைச் சாயத்தில் நீலமும் அரக்கும் செய்தேன். மீதிக்குச் சாயம் வாங்கவில்லை. தேயிலைத் தூளை வேகவைத்து வடிகட்டினால் நீர்மோர் நிறம் பழுத்த வைக்கோல் நிறமாகும். அதிலேயே துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஊறவிட்டால் மழை மேகத்தின் நிறம் வரும். அந்த மேக நிறத்தைப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடை என்று பக்கத்துக் காம்பிராக்காரி கேட்டாள். தகரத்தைக் காட்டினேன்.

நாத்தனார் சேலையைக் கடைசியாகப் போட்டேன். அரக்கு நிறம். உடல் அப்படியே குடித்துவிட்டது, ஆனால் கரையில் சாயம் ஏறவில்லை. அது வேறு நூல். மறுபடியும் போட்டேன், அப்போதும் ஏறவில்லை. இருண்ட அரக்கு நடுவில் அந்தச் செம்பு மாங்காய்கள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. கஞ்சி போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டபோது கூறைச் சேலையே அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது போல இருந்தது. இப்போதும் சொல்கிறேன், அது நல்ல வேலை.

விடியற்காலை பஸ்ஸுக்கு அவள் புறப்படும்போது நான்தான் கொசுவம் பிடித்துவிடுவேன். முட்டிபோட்டு, கீழ்மடிப்பை இழுத்துச் சமமாக்கி, ஊசி குத்துவேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். மருமகள் கறுப்பு ஒட்டுப்பொட்டைக் கடுகளவுக்கு வைத்துக்கொள்வாள். ரோடுவரைக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிக்கொண்டு போவாள். பஸ் கம்பளை, கெலிஓயா, பேராதனை என்று நின்று நின்று கண்டிக்குப் போய்ச் சேரும். அதுவரை கசங்காமல் இருக்க ஓரமாக நின்றுகொண்டே போவாளாம்.

லயத்தில் வாய் சும்மா இருக்குமா? இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பிராக்காரி ஒரு நாள், "ஒங்க மருமகளுக்கு இப்பதான் தலதீவாளி போல" என்றாள்.

"ஆமா. ஒனக்குப் பலகாரம் வரலயா?" என்றேன்.

கடையில் அவளுக்கு நல்ல பேர். இந்த நிறமெல்லாம் எங்கே எடுக்கிறாய் என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேட்டார்கள். எங்க அத்தை எடுத்துத் தருவாங்க என்று சொல்லியிருக்கிறாள். அதை வந்து என்னிடம் சொல்லும்போது, மகன் போன பிறகு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். மூன்றாம் மாதம் முதலாளி அவளை மேல்மாடிக்கு அனுப்பினார். மேல்மாடி கூறைச் சேலைப் பகுதி. பொண்ணை வாங்குப் பலகையில் உட்கார வைத்து, தோளில் சேலையைப் போர்த்தி, கண்ணாடியில் காட்டுகிற வேலை. அரிசி டின்னுக்குப் பின்னால் பார்த்தேன். பாஸ்போர்ட் படங்கள் அங்கே இல்லை. எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கிழித்துப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறக்கப் போகிற நேரம். நாத்தனாரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பொண்ணு வீடு மடுல்கெல்லப் பக்கம். கூறை எடுக்க இரண்டு வீட்டாருமாகக் கண்டிக்குப் போனார்கள். நாத்தனார் வேறு எந்தக் கடைக்குப் போவாள்? நல்ல கடை அதுதானே. அன்றைக்குப் பார்த்து மருமகள் அரக்குச் சேலையை உடுத்தியிருந்தாள். கல்யாண வியாபாரம் சூடாக இருக்கிற நாள், நல்லதாக உடுத்திப் போ என்று எடுத்துக் கொடுத்தது நான்.

நடந்ததை அவள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். நாத்தனாரைக் கண்டதும் இவளுக்குச் சந்தோஷம். வாங்க சின்னம்மா என்று கூப்பிட்டு, பொண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் வாங்கு போட்டுக் கொடுத்து, அலுமாரியில் இருந்த நல்ல கூறைகளையெல்லாம் இறக்கினாள். சிவப்பு ஒன்று பிடித்துப்போய்விட்டது. அதைப் பிரித்து அந்தப் பொண்ணின் தோளில் போர்த்தினாள். அப்படிக் குனிந்தபோது இவளுடைய முந்தானை நாத்தனாரின் மடியில் விழுந்தது. நாத்தனார் அதைக் கையில் எடுத்தாள். கரையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் ஒன் தோள்ல போட்டதுல்ல?"

அவ்வளவுதான் சொன்னது. பொண்ணின் அம்மா, எப்போது போட்டீர்கள் என்று கேட்டாள். வெறும் பேச்சுக்குக் கேட்டதுதான். வாழ்நாளெல்லாம் வாய் மூடாத நாத்தனார் அந்த ஒரு கேள்விக்கு வாயை மூடிக்கொண்டாள். அந்த அம்மா இவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தாள், கடுகுப் பொட்டைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தன் மகள் தோளில் கிடந்த சிவப்புச் சேலையை இரண்டு விரலால் தூக்கி மேசையில் வைத்தாள். யாரும் கத்தவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு மருமகள் இறக்கின சேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மடித்து, பெட்டியில் போட்டு, அலுமாரியில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

முதலாளியும் கெட்டவர் இல்லை. கூறை வியாபாரம் நம்பிக்கையில் நடக்கிறது தங்கச்சி என்று சொல்லி, அவளைக் கீழ்த்தளத்தில் பள்ளிக்கூட வெள்ளைத் துணி வெட்டுகிற இடத்துக்கு மாற்றினார். அங்கே நிற்க நல்ல சேலை தேவையில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி அந்த வியாபாரம் ஓய்ந்ததும், சீசனுக்குக் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார். சீசன் வந்தது. கூப்பிடவில்லை.

கம்பளையில் கேட்டாள். கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் கடையில் கேட்டாள். சொந்தப் பிள்ளைகளுக்கே வேலை போதவில்லை மகள் என்று மரியாதையாகச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அங்கெல்லாம் போனபோதும் நான் கொசுவம் பிடித்துவிட்டேன். மேக நிறத்தையும் பச்சையையும்தான் உடுத்தினாள். அரக்கை அவள் மறுபடி எடுக்கவில்லை.

கல்யாணப் பத்திரிகையோடு நாத்தனார் வந்தாள். மருமகள் விறகுக்குப் போயிருந்தாள். கதிரையைத் துடைத்துப் போட்டேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"நான் கோடின்னு சொல்லல மதினி."

"சொல்லல. தெரியும்."

"கரைய பாத்ததும் கை தானாப் போயிருச்சு. நான் ஆசப்பட்டு எடுத்த சேல. வேற யாரும் போட்டதா இருந்தா எனக்கு அடையாளமே தெரிஞ்சிருக்காது."

"மட்டமான சேலையா எடுத்துப் போட்டிருக்கலாம். அதுல சாயம் நல்லா ஏறியிருக்கும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு நிறையவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, போகும்போது, முன்னாலேயே வந்து நிற்க வேண்டாம், சாப்பாட்டுக்கு வந்தால் போதும், பொண்ணு வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி என்றாள். தேத்தண்ணியை அவள் பாதிதான் குடித்திருந்தாள். மீதியைப் பின்பக்கம் ஊற்றினேன்.

பாஸ்போர்ட் படங்கள் பெட்டியின் அடியில், கோடிச் சேலைகளுக்குக் கீழே இருந்தன. அவற்றை அவள் எடுத்தபோது நான் அடுப்படியில் நின்றேன். பேசிப் பார்த்தேன். நீ போனால் பிள்ளை உன் முகத்தை மறந்துவிடும் என்றேன். "மறக்கட்டும் அத்த. பசி மட்டும் இல்லாம இருக்கட்டும்" என்றாள். சேலை இருந்தால் போக மாட்டேன் என்றவள் அவள். சேலை இருந்தது. பெட்டி நிறைய இருந்தது.

ஏஜென்சிக்காரர் சேலை ஒன்றும் வேண்டாம், இரண்டு சல்வாரும் உள்ளுடுப்பும் போதும் என்று சொல்லியிருந்தார். அவளுடைய பையில் பாதி காலியாகவே கிடந்தது. அந்த மேக நிறத்தையாவது வைத்துக்கொள் என்று கொடுத்தேன். வாங்கி, ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, திரும்ப என் கையில் கொடுத்தாள். விடியற்காலை அதே பஸ்ஸில்தான் போனாள். கொசுவம் பிடிக்கிற வேலை இல்லை. எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே இறங்கிப் போனாள்.

இரண்டு வருஷம் என்றுதான் போனது. வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துக் காம்பிராக்காரியின் மகனுடைய போனில் முகம் தெரிகிற மாதிரி பேசுவாள். கபில நிறத்தில் கழுத்துவரை மூடின கவுன், தலையில் துணி. அதே கவுன்தான், மாற்றி மாற்றி உடுத்த இன்னொன்றும் அதே நிறத்தில் இருக்கிறதாம். உடம்பு பாதியாகிவிட்டது. பருத்தால் பிரித்துவிடலாம் என்று அக்குளில் விட்டுத் தைத்தேனே, அதை இப்போது பிடித்துத் தைக்க வேண்டும். பிள்ளை ஒரு நிமிஷம் போனைப் பார்க்கும். பிறகு விளையாடப் போய்விடும்.

பட்டோ பருத்தியோ, ஒரே மடிப்பில் வைத்தால் மடிந்த இடத்தில் நூல் வெட்டும். மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, உதறி, வேறு மடிப்பாக மடித்து வைக்கிறேன். அவள் வரும்போது புதிதாக இருக்க வேண்டும் என்று. போன மாதம் அதைச் சொன்னேன். ராத்திரி எட்டு மணி இருக்கும், அவளுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சேலையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துருங்க அத்த. நான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சிட்டேன்."

போன் நின்றுவிட்டது. கையெழுத்து வைத்து எவ்வளவு நாளாகிறது என்று நான் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை.

யாருக்குக் கொடுப்பது? பச்சையையும் நீலத்தையும் யாராவது வாங்குவார்கள். சாயம் போட்டவை கோடி என்று இப்போது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக் காம்பிராக்காரிக்கு அந்த மேக நிறத்தின்மேல் எவ்வளவு ஆசை. நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாங்க, என் வீட்டுக்காரர் இருக்காரு என்றாள். நான் உடுத்தலாம். எனக்கு இனி எந்த நிறமானால் என்ன, ஆனால் அவை அவளுக்குச் செய்தவை. கிழித்துக் கரித்துணியாக்க எனக்குக் கை வராது.

இந்த மாதம் மழை விடவில்லை. பெட்டியைத் திறந்தால் ஈர வாடை அடிக்கிறது. மாங்காய்க் கரையில் ஓரிடத்தில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது. துடைத்து வைத்தேன். வெயில் வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக் கொடியில் போட வேண்டும்.